வீடு திரும்பும் நாளில் தொலையும் செய்திகள்

2012 மார்ச் மாதக் கடைசி வாரம். நியூயார்க் நகரில் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடைப்பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்தான். கையில் தோல் கிழிந்தது. பிறகு காய்ச்சல், வாந்தி, பொறுக்க முடியாத கால்வலி. குழந்தை மருத்துவர் சொன்னபடி பெற்றோர் அவனைப் பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். வயிற்றுக் கோளாறு, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அங்கே முடிவு செய்தார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குடும்பம் கிளம்பிச் சுமார் மூன்று மணி நேரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. வெள்ளணுக்களின் கணக்கில், உடல் கடுமையான பாக்டீரியா தொற்றோடு போராடிக்கொண்டிருப்பதற்கான அடையாளம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து யாரும் அந்த வீட்டுக்குப் போன் செய்யவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி ரோரி இறந்துபோனான். தொற்று ரத்தத்தில் பரவி உறுப்புகளைச் செயலிழக்கவைக்கும் செப்சிஸ்தான் காரணம்.

நோயைக் கணித்ததில் பிழை இருந்தது. ஆனால் அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அன்று இரவே மருத்துவமனைக்குக் கிடைத்தது. ரத்தம் எடுத்தாயிற்று, ஆய்வகமும் சரியாக எண்ணிச் சொல்லிவிட்டது. எண்ணிச் சொன்னது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநிலம் அந்தச் சிறுவனின் பெயரிலேயே விதிகள் கொண்டுவந்தது. செப்சிஸைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மருத்துவமனையும் வகுத்த நடைமுறை வைத்திருக்க வேண்டும். ஆபத்தைக் காட்டக்கூடிய பரிசோதனைகளின் முடிவை மருத்துவர் பார்த்துப் பெற்றோரிடம் சொல்லும்வரை குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இந்த அத்தியாயம் அப்படிப் போய்ச் சேராத செய்திகளைப் பற்றியது. மருத்துவமனையில் இருக்கும்வரை நோயாளியைச் சுற்றிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நேரத்துக்கு மாத்திரை கொடுக்க ஒரு நர்ஸ், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைக்க ஒருவர், ஏதாவது மாறினால் ஓடிவர ஒரு டியூட்டி டாக்டர். டிஸ்சார்ஜ் ஆனதும் இத்தனை பேர் வேலையும் ஒரு குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது. சிகிச்சை அன்றோடு முடிவதில்லை, கை மாறுகிறது. கை மாறும்போது கூடவே போகவேண்டிய தகவலில் ஒரு பகுதி வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

அதனால் வரும் சேதத்தை ஆலன் ஃபார்ஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2003இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 400 பேரைப் பின்தொடர்ந்து விசாரித்தார்கள். 76 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வந்த நோயால் அல்லாமல் பெற்ற சிகிச்சையால் வீட்டில் ஏதோ ஒரு பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அவர்களில் 23 பேருடைய பாதிப்பை வராமலே தடுத்திருக்கலாம். இன்னும் 24 பேருக்கு, நேரத்தில் கவனித்திருந்தால் தீவிரத்தைக் குறைத்திருக்கலாம். பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து தொடர்பானவை.

இந்தப் பிரச்சினையை அதிகம் அளந்திருப்பவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஆய்வாளர்கள். எனவே கீழே வரும் எண்களில் பெரும்பாலானவையும் அங்கிருந்தே வருகின்றன. எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றின் பின்னால் இருக்கும் காரணங்கள் மனித நினைவாற்றலிலும் மருத்துவமனை வேலை நடக்கும் முறையிலும் இருப்பதால் நமக்கும் பொருந்துகின்றன.

கேட்கும் நிலையில் இல்லாத மூளை

டிஸ்சார்ஜ் நாள் காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் “இன்னைக்கு வீட்டுக்குப் போயிடலாம்” என்கிறார். உடனே பரபரப்பு தொடங்குகிறது. பில் தயாராக வேண்டும், இன்சூரன்ஸ் அப்ரூவல் வர வேண்டும், மருந்து வாங்க வேண்டும், வண்டி பேச வேண்டும். மகன் பணம் கட்டும் இடத்தில் நிற்கிறார். மருமகள் துணியையும் ஃபிளாஸ்கையும் பையில் எடுத்துவைக்கிறார். நர்ஸ் மாத்திரைகளோடு வந்து விளக்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவர் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நோயாளி மட்டும் தலையாட்டுகிறார்.

அந்த நோயாளியின் மூளை எந்த நிலையில் இருக்கிறது? யேல் பல்கலைக்கழக இதயநோய் மருத்துவர் ஹார்லன் க்ரும்ஹோல்ஸ் 2013இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறவர்கள், எந்த நோய்க்காகச் சேர்ந்தார்களோ அதையும் தாண்டி, சில வாரங்களுக்குப் பொதுவான பலவீனத்தில் இருக்கிறார்கள் என்றார். ராத்திரி தூக்கம் துண்டு துண்டாகிறது: ஊசி போட எழுப்புவார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகுவார், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பரிசோதனைக்காகச் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். வலி மருந்தும் தூக்க மருந்தும் சிந்தனையை மந்தமாக்கும். படுத்தே கிடந்ததில் தசை இளைத்திருக்கும். வாழ்நாளிலேயே மிகச் சிக்கலான மருந்து அட்டவணையை, ஒருவர் மிகவும் களைத்திருக்கும் நாளில் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

நன்றாக இருப்பவர்களுக்கே நினைவில் கொள்ளும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்க உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, ஒரே சமயத்தில் மனத்தில் பிடித்துவைக்க முடிவது ஏறத்தாழ நான்கு விஷயங்களே என்றார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றுக்கும் சிகிச்சை பெறும் ஒரு முதியவரின் சீட்டில் எட்டு மருந்துகள் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் நேரம், அளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று நான்கு விவரங்கள். ஐந்து நிமிடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விவரங்களைச் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனடியாகவே மறந்துபோகிறது. நினைவில் நிற்பதாக நோயாளி நம்புவதிலும் ஏறக்குறைய பாதி தவறாக இருக்கிறது. இந்த இரண்டாவது செய்திதான் அதிகம் கவலை தருவது. மறந்துவிட்டது என்று தெரிந்தவர் யாரையாவது கேட்பார். தவறாக நினைவு வைத்திருப்பவர் கேட்கமாட்டார். நம்பிக்கையோடு தவறான மாத்திரையை விழுங்குவார்.

மறதி எந்த வழியில் வருகிறது என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் பிலிப் லே முன்பே ஆராய்ந்திருந்தார். சொல்வது கூடக்கூட மறப்பதும் கூடுகிறது. முதலில் சொன்னது நிற்கிறது, நடுவில் சொன்னது நழுவுகிறது. “இப்போது உங்களுக்கு என்ன நோய் என்று சொல்கிறேன், அடுத்து மாத்திரைகள், கடைசியாக, எப்போது திரும்பி வர வேண்டும்” என்று தலைப்புப் போட்டுப் பிரித்துச் சொன்னால் நினைவு கூடுகிறது. பேசும் வரிசையை மாற்றினாலே பலன் கிடைக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மக்காரியஸ், ஃபிரீட்மன் என்ற இரு மருத்துவர்கள் வீடு திரும்பும் 43 நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், தங்கள் நோய் இன்னதென்று சொல்ல முடிந்தவர்கள் 42 சதவீதம். எல்லா மருந்துகளின் பெயரையும் சொன்னவர்கள் 28 சதவீதம். பக்க விளைவுகளைச் சொல்ல முடிந்தவர்கள் 14 சதவீதம். 43 பேர் சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், பின்னால் வந்த பல ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

“புரிஞ்சுதா?”

“காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு. இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி. புரிஞ்சுதாப்பா?”

“புரிஞ்சுதும்மா.”

நம் வார்டுகளில் தினமும் கேட்கும் உரையாடல் இது. பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. நர்ஸுக்கு வேலை நிறையக் கிடக்கிறது, திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்வாரோ, தெரியவில்லை என்றால் என்ன நினைப்பாரோ என்று எண்ணுகிறார். அந்த நிமிடம் உண்மையிலேயே புரிந்த மாதிரியும் இருக்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்வி, மரியாதைக்காகச் சொல்லும் ஆமாமையும் புரிந்து சொல்லும் ஆமாமையும் பிரித்துக் காட்டாது.

சொல்கிறவர் பக்கமும் ஒரு மயக்கம் இருக்கிறது. நிமோனியாவோ மாரடைப்போ வந்து சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 99 பேரையும் அவர்களின் மருத்துவர்களையும் தனித்தனியாகக் கேட்ட ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. மருந்தின் பக்க விளைவுகள் நோயாளிக்குப் புரிந்திருக்கிறது என்று மருத்துவர்கள் நினைத்தது 89 சதவீதம். புரிந்தது என்று நோயாளிகள் சொன்னது 57 சதவீதம். வழக்கமான வேலைகளை எப்போது தொடங்கலாம் என்பது தெரியும் என்று மருத்துவர்கள் எண்ணியது 95 சதவீதம். நோயாளிகள் சொன்னது 58 சதவீதம். வாயால் சொன்னதை எல்லாம் கொடுத்துவிட்டதாகக் கணக்கில் வைத்துக்கொள்வது மனித இயல்பு. நன்றாகத் தெரிந்த விஷயத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் கூடும், ஏனென்றால் தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே தெரிந்தவருக்கு மறந்துபோயிருக்கும்.

வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல முடிந்தாலும் போதாது என்பதை 2006இல் டெர்ரி டேவிஸும் மைக்கேல் வுல்ஃபும் காட்டினார்கள். அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் 395 பேரிடம் மருந்து லேபிள்களைக் கொடுத்தார்கள். “இரண்டு மாத்திரை, தினம் இரு வேளை” என்பது அவற்றில் ஒன்று. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதத்தினர் அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்னார்கள். பிறகு, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது, நான்கு மாத்திரையை எடுத்தவர்கள் 35 சதவீதமே. வாயில் வந்த வாக்கியம் கைக்கு வரும்போது பாதிப் பேரிடம் தொலைந்துவிட்டது.

நம் மருந்துச் சீட்டில் வழக்கமாக எழுதும் 1-0-1 என்ற குறியீட்டுக்கும் இதே சோதனையைச் செய்துபார்க்கலாம். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று எழுதியவருக்குத் தெரியும். வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடவேண்டிய மாத்திரையை இந்த மூன்று கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்ட மருந்து. அது செல்கள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. வாரம் ஒரு முறை எடுத்தால் மூட்டு வீக்கம் அடங்குகிறது. தினமும் எடுத்தால், வேகமாகப் பெருகும் செல்கள் எல்லாம் பட்டினி கிடக்கின்றன: வாய் புண்ணாகிறது, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்துகிறது, உயிரே போகலாம். “வாரம் ஒரு முறை” என்று எழுதுவதோடு “வியாழக்கிழமை மட்டும்” என்று கிழமையையும் குறிப்பிடுவது இந்த ஆபத்தைக் குறைக்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு சொல்.

பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும்

மருத்துவமனையிலிருந்து வரும் மருந்துகள் காலியான அலமாரிக்கு வருவதில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு டப்பாவில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் இருக்கும். புதிய சீட்டு எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறது. பழையவற்றில் எதை நிறுத்த வேண்டும் என்று பல சமயம் சொல்வதில்லை.

ஒரே மருந்து நம் ஊரில் பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கிறது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பதும் அதிகம். கிளிமெபிரைடு என்ற சுகர் மருந்தைத் தனியாகச் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு, மருத்துவமனையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. அவர் இரண்டையும் சாப்பிடுகிறார். கிளிமெபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். நோய்க்குப் பிறகு பசி குறைந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் தாக்கமும் நீடிக்கும். நள்ளிரவில் சர்க்கரை அளவு தாழ்ந்து நினைவு தப்புகிறது. சீட்டு எழுதியவரிடமும் பிழை இல்லை, மாத்திரை கொடுத்த குடும்பத்திடமும் அலட்சியம் இல்லை. இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து ஒருவரும் பார்க்காததுதான் இடைவெளி.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: தொடர வேண்டிய மருந்து விட்டுப்போகும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹைம் பெல் குழுவினர் ஏறக்குறைய 4 லட்சம் முதியவர்களின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். எல்லாரும் நீண்ட காலமாக ஏதோ ஒரு மருந்தைத் தவறாமல் எடுத்துவந்தவர்கள். மருத்துவமனைக்குப் போகாதவர்களில் 12 சதவீதம் பேர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை விட்டிருந்தார்கள். போய்வந்தவர்களில் அது 19 சதவீதமாக இருந்தது. அறுவை சிகிச்சைக்காகத் தற்காலிகமாக நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போவது இப்படித்தான் நடக்கிறது.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தத் தட்டணுக்கள் வெறும் உலோகத்தைக் கண்டால் அதன்மேல் ஒட்டி உறையத் தொடங்கும். குழாயின் உட்புறச் செல்கள் மெல்ல வளர்ந்து அந்த வலையைப் போர்த்தப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைதான் காவல். அமெரிக்காவில் மாரடைப்புக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 500 பேரை ஜான் ஸ்பெர்டஸ் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். ஏழில் ஒருவர் முதல் மாதத்திலேயே அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். அடுத்த 11 மாதங்களில் நிறுத்தியவர்களில் 7.5 சதவீதம் பேர் இறந்தார்கள்; தொடர்ந்தவர்களில் 0.7 சதவீதம். நிறுத்தியவர்களுக்கு வேறு நோய்களும் இருந்திருக்கலாம் என்பதால் வித்தியாசம் முழுவதையும் மாத்திரைமேல் சுமத்த முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் சமயத்தில் மருந்து பற்றிய விளக்கம் கிடைக்காதவர்கள் நிறுத்தியவர்களிடையே அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. நெஞ்சுவலி போய்விட்ட மனிதருக்கு, வலிக்காத போதும் இந்த மாத்திரை ஏன் தேவை என்று தெரியாவிட்டால், தீர்ந்த மாத்திரையை மறுபடி வாங்க அவருக்குக் காரணமே இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். வாரக்கணக்கில் பிரெட்னிசலோன் எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடலுக்குத் தேவையான கார்டிசாலைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தால் சுரப்பி விழித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து விழும். “நல்லாயிட்டேன், நிறுத்திட்டேன்” என்று மகிழ்ச்சியாகச் சொல்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மருத்துவர் அறியாதவை

தகவல் போகவேண்டிய இன்னொரு முகவரி, ஊரில் இருக்கும் வழக்கமான மருத்துவர். மருத்துவமனைக்கும் இவருக்கும் இடையே என்ன போகிறது என்று சுனில் கிருபலானி குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதினார்கள். இரு மருத்துவர்களும் நேரடியாகப் பேசிக்கொண்டது 3 முதல் 20 சதவீதச் சந்தர்ப்பங்களில் மட்டுமே. நோயாளி முதல் முறை திரும்பக் காட்ட வந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீதம். வந்த சம்மரிகளிலும், இன்னும் வரவேண்டிய பரிசோதனை முடிவுகள் எவை என்ற குறிப்பு 65 சதவீதத்தில் இல்லை. நோயாளிக்கோ குடும்பத்துக்கோ என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது ஏறக்குறைய எதிலும் இல்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் அந்தச் சம்மரியை எடுத்துக்கொண்டு போவது நோயாளிதான். பிளாஸ்டிக் உறையிலோ துணிக்கடைப் பையிலோ ஃபைல் பயணம் செய்கிறது. ஒரு வகையில் இது நல்லது: தாள் தபாலில் தொலைவதில்லை. ஆனால் அது எழுதப்பட்டிருப்பது ஆங்கிலத்தில், மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் சுருக்கெழுத்தில். கொண்டுபோகிறவருக்கே படிக்க முடியாத கடிதம் அது. அதில் ஒரு வரி விட்டுப்போனாலோ, வேறொருவரின் மருந்து ஒட்டிக்கொண்டு வந்தாலோ, அவரால் கண்டுபிடிக்க முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் நெறிமுறையைத் திருத்தி, மருந்தை அதன் பொதுப்பெயரில், புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று சொன்னது. எழுத்து தெளிவாவது முதல் படி. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் ஒரு பக்கம் கொடுப்பது அடுத்த படி.

பின்னால் வரும் பரிசோதனை முடிவுகள் தனிக் கவனம் கேட்பவை. ரத்தக் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் பயாப்சி முடிவு வர ஒரு வாரமும் ஆகலாம். காசநோய்க் கல்ச்சருக்கு வாரக்கணக்கு. கட்டிலை அதுவரை காலி செய்யாமல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் இரண்டு பெரிய மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 2,644 பேரின் பதிவுகளைக் கிறிஸ்டோபர் ராய் குழுவினர் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். 41 சதவீதம் பேர் ஏதோ ஒரு முடிவு வராமலே வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்படிப் பின்னால் வந்த முடிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று சிகிச்சையை மாற்றக்கூடியது. அந்த முக்கியமான முடிவுகளைப் பற்றிச் சம்பந்தப்பட்ட மருத்துவர்களைக் கேட்டபோது, 62 சதவீதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவே இல்லை. பரிசோதனைக்கு எழுதியவர் வேறு வார்டுக்கு மாறியிருப்பார், அனுப்பிவைத்தவர் வேறொருவராக இருப்பார், ஊர் மருத்துவருக்கு அப்படியொரு பரிசோதனை நடந்ததே தெரியாது. எல்லாருக்கும் பொதுவான வேலை ஒருவர் பொறுப்பிலும் இல்லாமல் போகிறது.

ஒப்புகை

இதுவரை பார்த்த எல்லாத் தோல்விகளிலும் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அனுப்பியாயிற்று, சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. பதிவுத் தபால் தனியாக இருந்த நாட்களில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினோம். பெற்றவர் கையெழுத்தோடு அது திரும்பி வந்தால்தான் தபால் சேர்ந்தது என்று நம்பினோம். டிஸ்சார்ஜ் நாளில் கொடுக்கும் தகவல்களில் பெரும்பாலானவை சாதாரணத் தபாலில் போகின்றன.

ஒப்புகை வாங்கும் வழி எளிது. “புரிஞ்சுதா?” என்பதற்குப் பதிலாக, “நான் தெளிவா சொன்னேனான்னு பார்த்துக்கறேம்மா. வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிக் குடுப்பீங்க, நீங்களே எடுத்துக் காட்டுங்க” என்று கேட்பது. பரீட்சை நோயாளிக்கு வைக்கப்படவில்லை, விளக்கியவருக்கு வைக்கப்படுகிறது என்பது அந்த முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. சொல்வதில் பிசகு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வேறு விதமாக விளக்கி, மறுபடி கேட்க வேண்டும். சரியாக வரும்வரை.

நேரம் இல்லையே என்பதுதான் உடனே வரும் மறுப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவில் டீன் ஷில்லிங்கர் குழுவினர், சர்க்கரை நோயாளிகளும் மருத்துவர்களும் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தை மட்டுமே மருத்துவர்கள் இப்படிச் சரிபார்த்திருந்தார்கள். சரிபார்த்த மருத்துவர்களின் நோயாளிகளிடம் சர்க்கரை கட்டுப்பாடு நன்றாக இருந்தது. சரிபார்த்த சந்திப்புகள் மற்றவற்றைவிட நீளமாகவும் இல்லை. திருப்பிக் கேட்டதால் எந்த இடம் புரியவில்லை என்று தெரிந்தது. தெரிந்ததையே மறுபடி சொல்லும் நேரம் மிச்சமானது.

இதை ஒரு முழு நடைமுறையாகச் செய்துபார்த்தவர் பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் பிரையன் ஜாக். அவருடைய திட்டத்தில், டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். பழைய மருந்து, புதிய மருந்து இரண்டையும் ஒப்பிட்டு ஒரே பட்டியல் ஆக்குவது, எப்போது யாரிடம் காட்ட வேண்டும் என்று தேதி வாங்கிக் கொடுப்பது, வரவேண்டிய பரிசோதனை முடிவுகளைக் குறிப்பது, எல்லாவற்றையும் படங்களோடு எளிய மொழியில் ஒரு சிறு புத்தகமாகக் கையில் கொடுத்துத் திருப்பிச் சொல்லக் கேட்பது அவர் பொறுப்பு. இரண்டு முதல் நான்கு நாளைக்குள் ஒரு மருந்தாளுநர் வீட்டுக்குப் போன் செய்து, மாத்திரைகளை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்படிக் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டோரிடம் திருத்த வேண்டிய ஏதோ ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 749 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையின் முடிவு 2009இல் வந்தது. வழக்கமான முறையில் அனுப்பப்பட்டவர்கள் ஒரு மாதத்தில் நூறு பேருக்கு 45 தடவை மருத்துவமனைக்கோ அவசரப் பிரிவுக்கோ திரும்பி வந்தார்கள். இந்த முறையில் அனுப்பப்பட்டவர்கள் 31 தடவை. புதிய மருந்தோ புதிய கருவியோ இதில் இல்லை. பேச்சும் தாளும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

நம் நாட்டுக்கு இன்னொரு பலம் இருக்கிறது: நோயாளியோடு கூடவே தங்கும் குடும்பம். பெங்களூரை மையமாகக் கொண்டு வளர்ந்த நூரா ஹெல்த் அமைப்பு இதை அடிப்படையாக வைத்தே வேலை செய்கிறது. காத்திருக்கும் உறவினர்களை வார்டிலேயே உட்காரவைத்து, காயத்தை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்று நர்ஸ்கள் செய்துகாட்டுகிறார்கள். கடைசி நாளின் அவசரத்தில் திணிப்பதற்குப் பதிலாக, தங்கியிருக்கும் நாட்களில் பிரித்துக் கற்றுக்கொடுப்பதால் நினைவிலும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பணியாளர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் வீட்டில் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெற்றால், பாஸ்டனில் தொலைபேசியில் நடந்த சோதனை இங்கே நேரிலேயே நடக்கும்.

கிளம்புமுன் கேட்கவேண்டியவை

மருத்துவமனைகள் மாறும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்புகையை நாமே கொடுக்கலாம். வீட்டில் மாத்திரை கொடுக்கப்போகிறவர் யாரோ, அவர் பில் கட்டும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகளை எல்லாம் பையோடு கொண்டுவந்து, எது தொடரும், எது நிற்கும், எது புதிது என்று ஒவ்வொரு அட்டையையும் காட்டிக் கேட்க வேண்டும். நிற்பவற்றின் மேல் அங்கேயே பேனாவால் குறுக்குக்கோடு போட வேண்டும்.

பிறகு ஐந்து கேள்விகள். என்ன நோய் என்று தமிழில் ஒரு வரியில் சொல்லுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாள்? இன்னும் வரவேண்டிய ரிப்போர்ட் எது, அதை யார் பார்த்து எங்களுக்குச் சொல்வார்கள்? எந்த அறிகுறி வந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் வர வேண்டும்? ராத்திரியில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம்? பதில்களை எழுதிக்கொண்டு, எழுதியதை நர்ஸிடமோ டாக்டரிடமோ வாசித்துக் காட்ட வேண்டும். “நான் சரியா எழுதியிருக்கேனா சிஸ்டர்?” என்று கேட்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. நம் நாட்டின் மருத்துவ நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தரவேண்டியது மருத்துவரின் கடமை. வராத ரிப்போர்ட்டைப் போய்க் கேட்கவும் தயங்க வேண்டாம்.

ஆனாலும் பொறுப்பின் பெரும்பங்கு கேட்கிறவர்மேல் விழக் கூடாது. படிப்பும் தைரியமும் உள்ள குடும்பம் கேட்டுவிடும். தனியாக வந்த முதியவரும், எழுத்தறியாத தாயும் கேட்கமாட்டார்கள். தகவல் தொலைந்தால் அதிகம் இழப்பவர்களும் அவர்களே. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பிழைகளைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் கட்டத்தை முன்னுரிமையான மூன்று களங்களில் ஒன்றாக வைத்தது. ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று கணக்குப் போடும்போது ஊசி போடும் நேரத்தைச் சேர்க்கிறோம், கட்டுப் போடும் நேரத்தைச் சேர்க்கிறோம். வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்கும் பதினைந்து நிமிடத்தையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் சிகிச்சைதான். அதைக் கொடுக்காமல் அனுப்பிய நோயாளிக்குச் சிகிச்சை முழுமையாகத் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.